மண் தொட்டியும் மங்கலச் சின்னமும்



வாசலில் வைக்கும் பூந்தொட்டியைப் பற்றி இன்று பேசப் போகிறோம். தொட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் இப்போது கடைகளில் விற்கும் தொட்டிகளைப் பாருங்கள். தாமரை வடிவில் ஒன்று இருக்கும். யானையின் முதுகில் குழி வைத்து ஒன்று. நான்கு பக்கமும் கோலம் எழுதிய துளசி மாடம் ஒன்று. கண்மூடித் தியானத்தில் இருக்கும் புத்தரின் தலையைக் குடைந்து, அதற்குள் செடி நட்டு ஒன்று. கையால் செய்தது என்பார்கள்; தெய்விகமானது என்பார்கள்; வாசலில் வைத்தால் செல்வம் வரும் என்றுகூடச் சொல்வார்கள். விலையையும் அதற்குத் தக்கபடி சொல்வார்கள். இவற்றில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம், வாங்கியதை எப்படிக் காப்பது, உடைந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்கிறோம். பேச்சு பெரும்பாலும் சிங்கப்பூரைச் சுற்றியே வரும். அங்கே மேற்குக் கோடியான ஜூரோங்கில் ஒரு பழைய சூளை இருக்கிறது. கிழக்குக் கோடியான சாங்கியில் ஒரு கோயில் இருக்கிறது. இரண்டும் நமக்கு வேண்டியவை.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மண்பாண்டத்திலிருந்து தொடங்குவோம். பால்மரத்தில் கம்பி கட்டி மாட்டி வைக்கும் மங்குதான் அது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரையில் இறங்கி, மங்கைத் துடைத்து, கோடு வெட்டி, மறுபடி மாட்டி வைத்த கைகள் நம் தாத்தா பாட்டிகளின் கைகள். தொடக்கக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையிலும் பால் பிடித்தார்கள். பிறகு கல் போல் இறுகச் சுட்ட மண் மங்கு வந்தது. அதற்கும் பிறகு பிளாஸ்டிக் வந்தது. இன்று பல தோட்டங்களில் ரப்பரே போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்த மண் மங்கு எங்கே செய்யப்பட்டது, யார் செய்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

1877-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்ற தாவர அறிஞர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துக் கொடுத்தார். அதன் பிறகு மலாயாவில் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. மரத்துக்கு ஒரு மங்கு வேண்டும். ஒரு தோட்டத்தில் எத்தனை ஆயிரம் மரம் என்பது உங்களுக்கே தெரியும். அத்தனை மங்குகளுக்கும் மண் வேண்டும், சூளை வேண்டும். ஜூரோங் பகுதியில் நல்ல களிமண் கிடைத்தது. சீனாவிலிருந்து வந்த குயவர்கள் அங்கே நீண்ட சூளைகளைக் கட்டி மங்குகளைச் சுட்டார்கள். தமிழன் மாட்டிய மங்கைச் சீனக் குயவன் வனைந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

ரப்பர்த் தொழில் சிங்கப்பூரில் சுருங்கியபோது அந்தக் குயவர்கள் பூந்தொட்டிக்கு மாறினார்கள். சிறப்பாக ஆர்க்கிட் தொட்டி. ஆர்க்கிட் வேர்கள் காற்றைத் தேடுகிறவை. மண்ணுக்குள் மூடி வைத்தால் அழுகிவிடும். ஆகவே அந்தத் தொட்டியின் அடியில் மட்டுமின்றிப் பக்கங்களிலும் துளையிடுவார்கள். வடிவம் அழகாக இருக்கிறதே என்று நாம் பார்ப்போம். அந்தத் துளைகள் அழகுக்காக ஏற்பட்டவை அல்ல. வேரைக் கேட்டு வந்தவை. நல்ல கைவேலையை அடையாளம் காண்பதற்கு இது ஒரு வழி.

அந்தச் சூளையை நாகச் சூளை என்று சொல்லலாம். டிராகன் என்று சீனர் போற்றும் நாகத்தின் பெயரால் அதை அழைக்கிறார்கள். நம் ஊர்ச் சூளையைப் போல் வட்டமாக இராது. மேடான நிலத்தில், சரிவுக்கு ஏற்றாற்போல், செங்கல்லால் கட்டிய நீண்ட குகை அது. கீழ்முனை நாகத்தின் தலை. அங்கேதான் நெருப்பு மூட்டுவார்கள். மேல்முனை வால், புகை அந்த வழியாக வெளியேறும். நெருப்பு இயல்பாகவே மேல்நோக்கி ஏறும் அல்லவா? அந்த இயல்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்டார்கள். உடம்பின் இரு பக்கங்களிலும் வரிசையாகச் சிறு துளைகள் உண்டு. தலைப்பக்கம் வேண்டிய சூடு வந்ததும், அடுத்த துளை வழியாக விறகு போடுவார்கள். பிறகு அதற்கடுத்த துளை. இப்படி நெருப்பைக் கையைப் பிடித்து நடத்துவதுபோல் வால் வரைக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். இரவு பகலாக ஆட்கள் முறை மாற்றி நிற்பார்கள். சூடு 1,200 டிகிரிக்கு மேல் போகும். பறக்கும் விறகுச் சாம்பல் பாண்டத்தின் மேல் படிந்து, அந்தச் சூட்டில் உருகி, கண்ணாடிபோல் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் எந்த நிறம் வரும் என்று செய்தவருக்கே முன்கூட்டித் தெரியாது. சூளை ஆறுவதற்கும் பல நாள் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் பாண்டம் வெடித்துவிடும்.

இந்த வகைச் சூளைகளில் சிங்கப்பூரில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று 1940-இல் கட்டப்பட்ட தௌ குவாங் சூளை. 1965-இல் ஒரு குயவர் குடும்பம் அதை வாங்கி, வழிவழியாக நடத்தி வருகிறது. மற்றது 1958-இல் கட்டப்பட்ட குவான் ஹுவாட் சூளை. நீளம் 40 மீட்டருக்கு மேல். இரண்டும் ஜாலான் பஹார் பக்கம், லோரோங் தாவாஸ் என்ற சிறு சாலையில் அருகருகே இருக்கின்றன.

தீ மூட்டுமுன் அங்கே ஊதுபத்தி ஏற்றிச் சூளைத் தெய்வத்தை வணங்குவது வழக்கம். நம் குயவர்களும் கற்பூரம் காட்டாமல் சூளைக்குத் தீ வைப்பதில்லை. இதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். பல நாள் உழைப்பு, பலருடைய உழைப்பு, ஒரே இரவில் நெருப்பின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அந்த வேளையில் கும்பிடத் தோன்றுவது மனித இயல்புதான். மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டே பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் வருவோம். செடி வளர்க்கும் தொட்டியில் தெய்வச் சின்னம் வைப்பது கடைக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகமா? இல்லை. நம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முளைப்பாரி எடுக்கிறோமே, அது என்ன? அகன்ற மண் பாத்திரத்தில் வைக்கோலும் எருவும் மண்ணும் பரப்பி, நவதானியத்தை ஊற வைத்துத் தூவி, வெயில் படாத அறையில் வைத்து, விரதம் இருந்து பெண்கள் நீர் தெளித்து வளர்க்கிறார்கள். இருட்டில் வளர்வதால் முளைகள் பச்சைப் பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக, நெடுநெடு என்று நிற்கும். பிறகு தலையில் சுமந்து கோயிலைச் சுற்றிவந்து நீரில் விடுகிறார்கள். திருமணத்தில் பாலிகை தெளிப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தப் பாத்திரத்தில் அம்மன் முகம் எழுதியிருக்கிறதா? இல்லை. வெறும் சட்டிதான். முளைத்து நிற்கும் பயிர்தான் அம்மன்.

நிறைகுடத்தையும் நினைத்துப் பாருங்கள். ஒரு குடம், அதில் நீர், வாயில் மாவிலை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆந்திரத்து அமராவதியில் எழுந்த பௌத்தத் தூபியின் சிற்பங்களில், குடத்திலிருந்து தாமரைக் கொத்து பொங்கி வழிவதைக் காணலாம். நம் கோயில் தூண்களிலும் குடமும் இலையும் உண்டு. குடத்திலிருந்து தழை எழுவதே மங்கலம் என்று இந்துவும் பௌத்தனும் அன்றே ஒத்துக்கொண்டார்கள். அப்படியானால், நல்ல மண் தொட்டியில் ஒரு செடி செழித்து நின்றால் அதுவே மங்கலச் சின்னம்தான். அதன்மேல் இன்னொன்றைப் பூச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் டின்னிலும் பால்மாவு டப்பாவிலும் துளசி வளர்த்துச் சாயங்காலம் விளக்கு வைத்த தாய்மார்கள் உண்டு. அந்தத் துளசிக்குக் கிடைத்த மரியாதையில் ஏதாவது குறை இருந்ததா?

தமிழ்நாட்டு அய்யனார் குதிரைகளைப் பற்றியும் ஓரளவு விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பேச்சுக்கு அதுதான் அச்சாணி. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை வட்டாரங்களில் ஊர் எல்லையில் அய்யனார் கோயில் இருக்கும். மரங்கள் அடர்ந்த தோப்பாக இருக்கும். அங்கே மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். ஆளுயரத்துக்கு மேற்பட்ட குதிரைகளும் உண்டு. வேளார் எனப்படும் குயவர்கள் அவற்றைச் செய்கிறார்கள். பல இடங்களில் அவர்களே அய்யனாருக்குப் பூசாரிகளாகவும் இருக்கிறார்கள். ஊரார் கூடி முடிவு செய்ததும் வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். அதற்குப் பிடிமண் என்று பெயர். அந்தப் பிடிமண்ணைச் சேர்த்துத்தான் அவர் மண் பிசைவார். ஆக, செய்வது ஒருவர் கை. மண் ஊரார் மண். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து, கயிறுபோல் திரித்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றி, உள்ளே வெற்றிடம் விட்டு உருவத்தை எழுப்புவார்கள். காய்ந்த பிறகு வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கிச் சுடுவார்கள். அதன் பிறகு கண் திறந்து, ஊர்வலமாக எடுத்துச் சென்று கோயிலில் நிறுத்துவார்கள். இதுவே புரவி எடுப்பு.

நிறுத்திய பிறகு என்ன செய்வார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். வெயிலும் மழையும் அதைப் பார்த்துக்கொள்ளும். சில ஆண்டில் காது உதிரும், கால் சாயும், தோப்பு மண்ணோடு கலக்கும். அடுத்த எடுப்பில் புதிய குதிரை வரும். பழையதை ஒட்டி வைப்பதும் இல்லை, எடுத்துக் குப்பையில் போடுவதும் இல்லை. மண்ணில் செய்த தெய்வப் பொருள் எப்படிப் பிறக்க வேண்டும் என்பதோடு, எப்படி முடிய வேண்டும் என்பதற்கும் நம் ஊரில் ஏற்பாடு இருந்தது. இந்த இரண்டாவது ஏற்பாட்டைத்தான் இன்றைய கடைச்சரக்கு மறந்துவிட்டது.

இப்போது சாங்கிக்குப் போவோம். சாங்கி என்ற பெயர், செங்கால் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டு மரத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். நம் சூளைச் செங்கல்லோடு அதற்கு உறவு ஏதும் இல்லை, ஒலிதான் ஒன்று. ஒரு காலத்தில் தென்னந்தோப்பும் மீனவர் குடில்களுமாக இருந்த கரை. பின்னர் பிரிட்டிஷ் படைத்தளம் வந்தது. 1981-இல் விமான நிலையம் திறக்கப்பட்டது. விமான நிலையத்துக்கு அப்பால், படகுத்துறைக்குப் பக்கத்தில் சாங்கிக் கிராமம் என்ற சிறு கடைத்தெரு இன்னும் இருக்கிறது. அங்கே ஸ்ரீ ராமர் ஆலயம் இருக்கிறது. இராமரை மூலவராகக் கொண்ட இந்தக் கோயில் 1940-களில் உருவானது. இராமர் கோயிலில் துளசிக்கு என்ன இடம் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கோயிலுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. கோயிலுக்குள்ளேயே புத்தருக்கும், சீனர்கள் அன்னையாக வணங்கும் குவான் யின்னுக்கும் இடம் இருக்கிறது. சீனப் பக்தர்கள் வந்து கும்பிட்டுவிட்டு அனுமாரையும் வணங்கிச் செல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கும்பிடும் தெய்வத்துக்கு நம் கூரைக்குள் நிழல் கொடுப்பது சிறிய காரியம் அன்று.

அந்தக் கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு, முதலில் சொன்ன புத்தர் தலைத் தொட்டியைப் பாருங்கள். உச்சியில் குழி வெட்டி, மண் நிரப்பி, மயிர் முளைத்ததுபோல் செடி நட்டிருக்கிறது. உரமும் பூச்சிமருந்தும் அதில் ஊற்ற வேண்டும். செடி பட்டுப்போனால் காய்ந்த தண்டு நிற்கும். நாள்தோறும் அந்த முகத்தைக் கும்பிடும் ஒருவர் நம் வாசலைக் கடந்து போனால் அவர் மனம் என்ன பாடுபடும்? தாய்லாந்து நாட்டில் பௌத்த அமைப்பு ஒன்று விமான நிலையச் சாலையிலேயே பெரிய பலகைகள் வைத்து, புத்தர் உருவம் அலங்காரப் பொருள் அல்ல என்று வெளிநாட்டாருக்கு அறிவித்து வருகிறது. தலையை மட்டும் தனியே வைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் ஒரு வருந்தத்தக்க கதையும் உண்டு. இடிந்த கோயில்களிலிருந்து முழுச் சிலையைத் தூக்க முடியாதவர்கள் தலையை மட்டும் அறுத்து எடுத்துப்போய் விற்றார்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்காகத்தான் தலை மட்டும் செய்யும் வழக்கம் பெருகியது. இது நமக்கு வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். பிள்ளையார் வயிற்றைக் குடைந்து கற்றாழை நடும் தொட்டிக்கும் இதே பதில்தான். தெய்வத்தின் முகமும் உடம்பும் தொட்டியாக வேண்டாம். தாமரை, யானை, குதிரை, விளக்கு, கும்பம், கோலம் ஆகியவை தொட்டியாகலாம். அவை சேற்றையும் நீரையும் தாங்கிப் பழகியவை. இவற்றிலும் தாமரை எல்லாருக்கும் பொது. இந்துவும் பௌத்தனும் சீனனும் ஒரே பூவைப் பார்த்து ஒரே பொருளைச் சொல்வார்கள்: சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாதது.

இன்னொரு காரணமும் உண்டு. சிங்கப்பூரில் சாலையோர மரத்தடிகளில் உடைந்த, வேண்டாம் என்று விடப்பட்ட தெய்வ உருவங்கள் சேர்ந்து கிடப்பதைக் காணலாம். வீடு மாறும்போதோ பெரியவர் காலமான பிறகோ, குப்பையில் போட மனம் வராமல் மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். கடற்கரையில் விடுகிறவர்களும் உண்டு. பச்சை மண்ணால் செய்த சதுர்த்திப் பிள்ளையார் ஒரு வாளி நீரில் கரைந்துவிடுவார். அந்த நீரைச் செடிக்கே ஊற்றலாம். சுட்ட மண் கரையாது; ஆனால் நாளடைவில் பொடியும், அதுவரை யாருக்கும் தீங்கு செய்யாது. இப்போது அச்சில் வார்த்து வரும் பிசின் பொம்மைகள் இருக்கின்றனவே, அவை கரைவதும் இல்லை, பொடிவதும் இல்லை. வாங்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். உருவத்துக்குப் பொருந்தாமல் லேசாக இருந்து, விரலால் தட்டினால் மொத்தென்று கேட்டால் அது பிசின்.

வாங்குவது பற்றிப் பேச்சு வந்துவிட்டது, சொல்லிவிடுவோம். செம்மண் நிறத்தில் இருப்பது குறைந்த சூட்டில் சுட்டது. அதன் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். நீர் கசிந்து ஆவியாகும், வேர் குளிர்ந்திருக்கும். துளசிக்கும் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் இதுவே ஏற்றது. புதுத் தொட்டியைச் சில மணி நேரம் நீரில் ஊறப் போட்டுப் பிறகு மண் நிரப்புங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றும் முதல் நீரைத் தொட்டியே குடித்துவிடும். வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தால் பயப்பட வேண்டாம், அது உப்பு, தேய்த்துக் கழுவலாம். ஊறுகாய் ஜாடிபோல் மெருகேறி இருப்பது மிகுந்த சூட்டில் சுட்டது. அது கசியாது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அடித்துளை பெரிதாக இருக்க வேண்டும். எந்தத் தொட்டியானாலும் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, கரகரவென்றால் கீறல் இருக்கிறது. தெய்வச் சின்னத்தை அழகாகச் செதுக்கிவிட்டு அடியில் துளையிட மறந்த தொட்டிகளையும் விற்கிறார்கள். அதில் நடும் துளசி ஒரு மழைக்காலம் தாங்காது.

துளை வேண்டாத தொட்டி ஒன்றே ஒன்று. அல்லியும் தாமரையும் வளர்க்கும் அகன்ற மண் சாடி. அதில் கப்பி மீன்கள் நாலைந்து விட்டுவிடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும். இதை அலட்சியம் செய்யக் கூடாது. 2020-ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோர் டெங்கிக் காய்ச்சலுக்கு ஆளானார்கள். ஏடிஸ் கொசுவுக்குக் குளமும் குட்டையும் தேவையில்லை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் நீர் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் போதும். நீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும்; மறுபடி நீர் பட்டால் பொரியும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அகல் வைக்கும் மாடக்குழி, யானைத் தும்பிக்கையின் வளைவு, தாமரை இதழின் குழிவு, இவையெல்லாம் மழைநீர் தேங்கும் இடங்கள். சின்னம் எவ்வளவு நுணுக்கமோ, துடைக்க வேண்டிய மூலைகளும் அவ்வளவு. துளசிக்கு விளக்கு வைக்கிற வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பழி துளசியின் மேல் விழுகிறது. தவறு தட்டில் இருக்கிறது.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நம் உறவினருக்கு இன்னும் இரண்டு செய்தி. நடைவழியில் தொட்டி வைத்தால், ஆட்கள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் அகலமாவது விட்டுவைக்க வேண்டும் என்பது தீயணைப்பு விதி. கைப்பிடிச் சுவரின் மேல் எந்தத் தொட்டியையும் வைக்கக் கூடாது. பத்தாம் மாடியிலிருந்து விழும் மண் தொட்டி, அதில் எந்தச் சின்னம் இருந்தாலும், கீழே போகிறவருக்கு எமன்.

கைவேலையை நடத்துகிறவர்களின் நிலையையும் கேளுங்கள். புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் சுடுமண் வேலை செய்து வரும் முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மானாமதுரையில் கடம் செய்யும் மண்ணில் பூந்தொட்டியும் அகலும் செய்கிறார்கள். பொங்கல் சமயத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேன் சந்தையில் பானைகள் அடுக்கி வைத்திருக்கும். அந்த ஒரு வாரம் கூட்டம் நெரியும். மற்ற நாள்களில் மண்பாண்டத்தைத் தேடுகிறவர் குறைவு. ஜூரோங் சூளைகளும் இப்போது ஆண்டுக்குச் சில தடவைதான் எரிகின்றன. தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட மரத்துண்டுகளை விறகாக்குகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து மண் பிசைந்து போகிறார்கள். சூளைகள் நிற்பதோ குத்தகை நிலம். சுற்றிலும் தொழிற்பேட்டை வளர்ந்து வருகிறது. மங்கு சுட்ட நெருப்பு இன்னும் எத்தனை முறை எரியும் என்பது நிலத்தையும், வாங்குகிறவர்களையும் பொறுத்தது. ஜோகூரிலிருந்தோ அப்பால் இருந்தோ சிங்கப்பூருக்குப் போகிற குடும்பங்கள் ஒருநாள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, உன் பாட்டன் மாட்டிய மங்கு இப்படிப்பட்ட சூளையில்தான் வெந்தது என்று காட்டலாம்.

விலை கொடுத்துத் துளசி மாடம் வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். சாதாரணச் செம்மண் தொட்டிகள் இரண்டு வாங்குங்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. சிறியதின் அடி, பெரியதின் அடியைவிட அகலமாக இருக்கக் கூடாது. பெரியதைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சிறியதை, அடித்துளைகள் இரண்டும் நேர் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். நீர் உள்வழியே இறங்கித் தரைக்குப் போய்விடும்; தட்டு தேவையில்லை, கொசுவுக்கும் இடமில்லை. அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றைத் துளையின்மேல் சாய்த்து வையுங்கள். மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு மணல் கலக்குங்கள். கவிழ்த்த தொட்டியின் பக்கத்தில் சுண்ணாம்பால் கோலம் போடச் சொல்லிப் பெண்பிள்ளையிடமும் ஆண்பிள்ளையிடமும் கொடுங்கள். வெயில் நன்றாகப் படும் இடமாகப் பார்த்து வைத்து, வேர் பிடிக்கும்வரை நாலைந்து நாள் மட்டும் நிழல் கொடுங்கள். பூங்கதிர் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் துளசி பக்கவாட்டில் அடர்ந்து வளரும். கிள்ளிய கதிரை எறிய வேண்டாம். காய வைத்து உதிர்த்தால் அடுத்த வீட்டுக்கு விதையாயிற்று.